முத்துச்சாமி என்று சொல்லிக் காட்டிய நாள்

அக்கா,

இன்று ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் தூள் பை ஒன்று கிழிந்து கொட்டிவிட்டது. மல்லியும் மஞ்சளும் கலந்த மணம். நான் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகிறது.

இங்கே முதியோர் இல்லச் சமையலறையில் எத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம்! என் மகள் தன் பிள்ளைக்கு லியோனி என்று பெயர் வைத்த வருடம் நினைவிருக்கிறதா? எங்கள் தமிழ்ப் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா என்று கோபித்து, பிள்ளையைப் பார்க்கவும் போகாமல் இருந்தேன். நீங்கள் புத்தி சொல்லவில்லை. "மார்த்தினிக்குக்குப் போறன். தனியப் போக ஏலாது, நீங்களும் வாங்கோ" என்றீர்கள். நீங்கள் பாரிசில் அகதியாக இருந்த காலத்தில் பிரெஞ்சு மொழியோடு சேர்ந்து வந்த ஆசை அது.

கரீபியன் கடலோரம், அந்தப் பிரெஞ்சுத் தீவின் தலைநகர் ஃபோர்-து-பிரான்ஸ். தண்ணீருக்குள் நீண்டு நிற்கும் பழைய கோட்டை. இரும்பும் வண்ணக் கண்ணாடியுமாக ஒரு நூலகம். "பாரிசில செய்து, கழட்டிக் கப்பலில கொண்டுவந்து பூட்டினதாம்" என்றீர்கள். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தோம். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குக் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் இருந்து எங்கள் சனத்தைக் கப்பலில் ஏற்றி வந்த கதையையும் சொன்னீர்கள். நான் பாதி நம்பாமல் கேட்டேன்.

சந்தையில், அங்கே மதராஸ் என்றே அழைக்கப்படும் கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டிய ஒரு பெண், மஞ்சள் தூளை நீட்டி, "கொலொம்போ" என்றாள்.

"கொழும்போ?" என்றேன்.

நீங்கள் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தீர்கள். "கொழும்பு இல்லை. குழம்பு. எங்கட குழம்பு."

கடைப் பலகையில் அவள் பெயர் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. 'மூத்துசமி' என்று வாசித்தாள். பொருள் தெரியாதாம், கப்பலில் வந்த முன்னோரின் பெயராம். நீங்கள் ஆறுதலாக, ஒவ்வோர் எழுத்தாக, "முத்துச்சாமி" என்றீர்கள். காதிலிருந்த முத்துத் தோட்டைத் தொட்டு, "முத்து." கைகூப்பி, "சாமி."

மூன்றாம் தரம் அவளுக்குச் சரியாக வந்தது. பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொல்லிக் காட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். எத்தனை தலைமுறை, பொருள் தெரியாமலே அந்தப் பெயரைக் கைவிடாமல் வைத்திருந்திருக்கிறார்கள்!

திரும்பி நடக்கையில் நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அவவின்ர முதல் பேர் ஜோசெத், பிரெஞ்சுப் பேர். எண்டாலும் குழம்பு வைக்கிறா."

விடுதிக்குப் போனதும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளையைப் பார்க்க வாறன்" என்றேன். "ஓம் அம்மா, வாங்கோ" என்றாள். குரல் உடைந்திருந்தது.

இப்போது எங்கள் சமையலறைக்கு எந்த நாட்டிலிருந்து யார் புதிதாக வேலைக்கு வந்தாலும், நீங்கள் அன்று நின்றதுபோல் அவசரமில்லாமல் நின்று பெயரைக் கேட்கிறேன். என் வாயில் அது சரியாக வரும்வரை, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறேன்.