கருவாயன் மோப்பம் பிடித்த பை

என் ஆசை மதினிக்கு,

அண்ணனிடம் போய்ச் சேர்ந்துவிட்டாய். அங்கேயாவது அவர் உன்னோடு சண்டை போடாமல் இருக்கிறாரா? பேத்தி தேன்மொழி இந்தக் கடிதத்தைத் திருத்தித் தருகிறேன் என்று வந்தாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற என் எழுத்து என் மதினிக்குப் புரியும், நீ போடி என்று சொல்லிவிட்டேன்.

நீ வளர்த்த கருவாயன் என்னிடம்தான் இருக்கிறான். நன்றாகத் தின்கிறான், தூங்குகிறான். ஆனால் சாயங்காலம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதை இறங்கி வந்து நம் தெரு முக்கில் நின்றதும் அவனுக்குப் பேய் பிடித்துவிடும். இறங்கி வருகிற பெண்கள் மேல் பாய்வான். கோம்பை நாய் பாய்ந்தால் என் கையா தாங்கும்?

அதிலும் எதிர்வீட்டுத் தவமணி மேல்தான் அவனுக்கு வெறி. ஒரு நாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய் அவள் சேலையைக் கிழித்துவிட்டான். அவளோ சேலையை விட்டுவிட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். சேலை கிழிகிற நேரத்தில் ஒருத்தி பையையா காப்பாற்றுவாள்?

அவள் மேல் எனக்கு முன்பே ஒரு கண். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவள் எழவில்லை. அடுத்த வாரமே, ஜீப்பின் பின்னால் ஒண்டிக்கொண்டு போனவள் முன்சீட்டில் உன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். உன் துணிகளை ஆற்றில் விட மூட்டை கட்டியபோது ஒன்று குறைந்தது. தோட்டத்தில் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வாயே, அண்ணனுடைய நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, அதைக் காணோம். வீட்டையே புரட்டிவிட்டேன். நாய்க்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லை என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

என் மகன் முடிவே எடுத்துவிட்டான். "யாரையாவது கடிச்சு வச்சா நம்மதான் போய் நிக்கணும். மார்க்கையன்கோட்டைத் தோப்புல கொண்டுபோய்க் கட்டிருவோம். பொங்கல் வரைக்கும் பாப்பேன்" என்றான். தென்னை மரத்துக்கு நடுவே சங்கிலியில் உன் பிள்ளை காலம் தள்ளுவதா?

தேன்மொழிதான் குறுக்கே விழுந்தாள். மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் படிக்கிற பிள்ளை. நம் வம்சத்தில் இதற்கு முன் யார் இப்படிப் படித்தது, சொல்.

"அவனுக்கு ஆளுக மேல கோவமில்ல அப்பத்தா. வாடைதான் அவனை உசுப்புது. அந்த வாடையத் தூரத்துல வச்சு, அவன் சும்மா இருந்தா ஈரல் குடுக்கணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட கொண்டு வரணும். அடிக்கக் கம்ப மட்டும் எடுக்காதீக."

"ஈரலத் தின்னுட்டுக் காவல மறந்துருவான்டி. நாளைக்குத் திருடன் ஏலக்காயத் தடவிக்கிட்டு வருவான்."

"வந்தா பாயசம் வச்சுக் குடுங்க."

நான் அடுக்களையிலிருந்து ஏலக்காயை எடுத்து நசுக்கித் துணியில் முடிந்து வைத்தேன். கருவாயன் மோந்தான், தும்மினான், தூங்கப் போய்விட்டான். தேன்மொழிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைச் சரக்கு ஆகாதாம். பச்சைக் காயும் பூச்சிமருந்தும் மண்ணும் வேர்வையும் சேர்ந்த துணி வேண்டுமாம். தோட்டத்துச் சட்டையைக் கழற்றிப் பையில் சுருட்டிக்கொண்டுதானே நீங்கள் எல்லாரும் ஜீப் ஏறுவீர்கள்? எதிர்வீட்டில் மட்டும் கேட்காதே என்றேன். அவள் நேராக அந்த வீட்டுக்குத்தான் போனாள்.

அவளோடு நம் வாசலுக்கு வந்த தவமணி தயங்கித் தயங்கி நின்று பையைத் திறந்தாள். நீலக் கட்டம். கழுத்துப் பொத்தானுக்கு நீ சிவப்பு நூல் போட்டுத் தைத்தது அப்படியே இருந்தது.

"இது எங்க மதினி சட்டைல்ல?"

"ஆமாத்தே. மழையில நனஞ்சு வெடவெடன்னு நின்னேன். அக்காதான் கழட்டிக் குடுத்தாக. திருப்பிக் குடுக்குறதுக்குள்ள போயிட்டாக."

"பெறகு கொண்டாந்து தர வேண்டியதுதான?"

"தந்தா ஆத்துல விட்ருவீகளே."

நன்றாகக் கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் கருவாயன் வந்துவிட்டான். குரைக்கவில்லை. வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்து, சட்டைக் கழுத்துக்குள் மூக்கை விட்டுக் குட்டி போல முனகினான். பிறகு தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது மதினி. நீ அவனை வீட்டுக்குள் பூட்டிவிட்டுப் போவாய். சாயங்காலம் வந்து கதவைத் திறந்து உள்ளே போனபின் அவன் உன்னை எப்படி வரவேற்றான் என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவன் கடிக்கப் பாயவில்லை. நீ கொண்டுவருகிற அந்தத் தோட்டத்து வாடை வந்தது, உன்னைக் காணோம். அதுதான் அவன் ஆத்திரம்.

அதன்பின் தினமும் பழக்கினோம். தவமணி காலையில் சட்டையை எடுத்துப் போவாள், சாயங்காலம் வாடையோடு கொண்டுவந்து தருவாள். முதலில் கொல்லைக் கடைசியில் வைத்தோம். அவன் காது விறைத்தால் சட்டையை இன்னும் தள்ளி வைப்பாள் தேன்மொழி. அவன் உடம்பு இளகினால் நான் ஈரல் கொடுப்பேன். கொடுக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம்: அமைதியாக இருக்கப் பழக்குகிறோமா, உன்னை மறக்கப் பழக்குகிறோமா?

தேன்மொழியிடமே கேட்டேன். "மறக்க மாட்டான் அப்பத்தா. வாடை வந்தா ஆளு வரணும்னு இல்லன்னு தெரிஞ்சுக்குவான்" என்றாள். இரண்டும் வேறு வேறா மதினி? எனக்குத் தெரியவில்லை.

நேற்று ஜீப் வந்தது. தவமணி பையோடு நம் வாசலைக் கடந்தாள். கருவாயன் எழுந்தான். முதுகு மயிர் சிலிர்த்தது. நான் ஈரலைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவன் மூக்கை உயர்த்தி இழுத்துவிட்டு, உட்கார்ந்து என் கையைப் பார்த்தான்.

வாசலில் நின்ற மகன், "சரி, இங்கனயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஈரலைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். ஜீப்பிலிருந்து கடைசி ஆள் இறங்குகிறவரை என் கண் அங்கேதான் இருந்தது. எனக்கு யார் ஈரல் கொடுத்துப் பழக்குவது?

கருவாயன் தோப்புக்குப் போகமாட்டான். நான் இருக்கும்வரை அந்தச் சட்டை ஆற்றுக்கும் போகாது. தவமணியே போட்டுக்கொள்ளட்டும். நீ கொடுத்ததாகத்தான் சொல்கிறாள். கொடுக்கிறவள்தான் நீ. ஆனாலும் கனவில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. அதுவரை அவள் மேல் எனக்கு ஒரு கண் இருக்கும்.

உன் நாத்தனாரும்
உன் கருவாயனுக்கு அத்தையுமான
பேச்சியம்மாள்