ஈத்துக்குக் கட்டம் இல்லை

நிலவு, தென்முனை இறைச்சிப் பண்ணை. பதிவு: எஸ்தர் தவமணி, கால்நடை மருத்துவர். இங்கே வேறு ஆள் இல்லை.

நாலாம் ஆண்டு, நாள் 211, காலை 06:10

கலப்பினக் கிடாரிகள் ஆறும் நலம். தீவனம், தண்ணீர், காற்று சரி. ஸ்கேனில் முதுகுச் சதை போன வாரத்தைவிடத் தடிமன். தாய் வழி உம்பளச்சேரி நாட்டு மாடு. தந்தை ஐரோப்பியச் சதைக்காளை. உறைவிந்துக் குச்சியில் வந்தவர், நேரில் பார்த்ததில்லை. அதே இனத்துச் சினை ஊசியை இவற்றுக்கும் ஒரே நாளில் போட்டாயிற்று. ஒரே வாரத்தில் ஈன்றால் கன்றுகள் ஒரே அளவில் வளரும், வெட்டுக்கு வசதி. பூமியில் பரம சந்தோஷம்.

நாள் 219, காலை 11:40

மொட்டைச்சியை வெட்ட உத்தரவு. கிடாரிகளைப் பெற்ற நாட்டுப் பசுக்களில் அவள்தான் மிச்சம். சின்ன உடம்பு, இறைச்சி மதிப்பெண்ணில் கடைசி. தானாக ஈனுகிறவள், நாட்டு இனம் ஒன்றாவது இருக்கட்டும் என்று வாதாடினேன். பூமிக் கட்டுப்பாட்டு அறை ஜமீல் நல்ல பையன்.

"புரியுது டாக்டரம்மா. ஆனா மதிப்பெண் பட்டியல்ல ஈத்துக்குக் கட்டமே இல்லையே. நான் எங்க போய் எழுதுறது?"

வெட்டினேன். சாப்பாட்டுக்கும் அவள்தான். கொஞ்சம் நார். உப்பு போதவில்லை.

நாள் 268, காலை 09:05

முதல் கிடாரிக்கு வலி. கன்றின் கால் தெரிகிறது, அதற்குமேல் வரவில்லை. தோளும் தொடையும் வழியைவிடப் பெரியவை. வயிற்றைக் கிழித்து எடுத்தேன். கன்று பிழைத்தது. தாயைத் தைத்து முடிப்பதற்குள் அடுத்தவள் படுத்துவிட்டாள்.

நாள் 269, பகல் 13:30

மரத்துப்போகும் ஊசி தீர்ந்தது. மூன்றாமவள் மொட்டைச்சியின் மகள். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்படியே அறுத்தேன். கன்றை எடுத்துத் தைத்து முடித்தேன்.

நாள் 280

தையல் பிரிந்தும் சீழ் வைத்தும் தாய்கள் ஆறும் போயின. எடை போட்டு அனுப்பினேன், அதற்குக் கட்டம் இருக்கிறது. இறைச்சி முதல் தரம். அழுகை வரவில்லை. கோபம் வருகிறது, அதுவும் சோறு வேகும்வரைதான்.

ஜமீல்: "தாயிங்க போனது வருத்தந்தான் டாக்டரம்மா. ஆனா கன்னுங்க எடை இதுவரைக்கும் வராதது, மேலிடத்துல கொண்டாடுறாங்க. அடுத்த வருஷக் கப்பல்ல அதே குச்சிதான் வருது. பெட்டைக் கன்னுங்கள ஊசிக்குத் தயார் பண்ணி வைங்க."

நாள் 281

இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்கு: கன்றுகள் ஐந்து, ஆறாவது வயிற்றிலேயே செத்திருந்தது. இரண்டு காளை, மூன்று பெட்டை. காலியான கட்டுத்தறியில் போய் முட்டுகின்றன, பிறகு என் விரலைச் சப்ப வருகின்றன. பெட்டைகளின் இடுப்பெலும்பில் கன்று வரும் வழியை ஸ்கேனில் அளந்து பார்த்தேன். தாய்களுக்கு இந்த வயதில் இருந்ததைவிடக் குறுகல். அதற்கும் கட்டம் இல்லை.

பூமிக்கு ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டேன்: தயார்.