மேட்டு வயலுக்குத் தண்ணீர் இல்லை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் அத்தையும் நலம். தையல் கூடத்தில் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறாயாமே, கழுத்தைக் கவனித்துக்கொள் அம்மா.

நிலம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன். மழை இந்த முறையும் ஏமாற்றிவிட்டது. நேற்று வானம் கறுத்ததைப் பார்த்து, மழை வாசனை வருகிறது என்றேன். "அடுப்புல பால் தீயுற வாசனையே உங்களுக்கு வராது, மழை வாசனை மட்டும் வருதாக்கும்" என்றாள் அத்தை. அவள் சொன்னதுதான் சரியாகப் போயிற்று.

மேட்டு வயல் வெறும் மணல். காலையில் விட்ட தண்ணீர் மதியம் இருந்த இடம் தெரியாது. பள்ளத்து வயல் களிமண். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு தடவை காயவிட்டால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும். அங்கே சோளமும் ஊடே தட்டைப்பயறும் போட்டிருக்கிறோம். பயற்றங்கொடி படர்ந்து மண்ணை மூடியிருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. எங்களுக்கும் மாட்டுக்கும் அதுதான் சாப்பாடு.

கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. போர் போடுகிறவரை அழைத்துக் காட்டினேன். "கீழ போகப் போக உப்புத் தண்ணிதான் ஐயா வரும். இருக்கிறதை வெச்சு ஒரு வயலைக் காப்பாத்துங்க" என்று கையை விரித்துவிட்டார்.

மேட்டு வயலில் நிற்பது எங்கள் பிள்ளை நட்ட எலுமிச்சை. கல்யாணமான புதிதில் நீங்கள் இருவரும் சேர்ந்து குழி வெட்டினீர்கள், சொட்டுநீர்க் குழாய் ஓட்டினீர்கள். முதல் காயைப் பார்க்கக்கூட அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. மோட்டார் கொட்டகையில் மின்சாரம் அவனைப் பறித்த பிறகு வயர் எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது. ஆனாலும் நான் உள்ளே போகும்போதெல்லாம் அத்தை பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறாள். நான் சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே வந்தால்தான் அவளுக்கு மூச்சு வருகிறது.

அந்த மரங்களுக்காக அவள் பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் குடத்தில் சுமந்து பார்த்தாள். மணல் குடித்ததுதான் மிச்சம். இதற்குள் பள்ளத்தில் கதிர் விடுகிற நேரத்தில் சோளத்தோகை சுருளத் தொடங்கிவிட்டது. இனி மேட்டுக்குத் தண்ணீரை நிறுத்தத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. வால்வுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கை வரவில்லை. அத்தைதான் வந்தாள். "தள்ளுங்க. மாடு கத்துறது காதுல விழலையா?" என்று சொல்லி, தானே வால்வைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினாள். பிறகு மேட்டுக்குப் போய் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுவிட்டு வந்தாள்.

சோளம் பிழைத்துக்கொண்டது. எலுமிச்சை முழுக்கப் பட்டுவிட்டது.

இதை உனக்குச் சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் உன் அண்ணன் போன் செய்தார். உனக்கு ஒரு வரன் வந்திருக்கிறதாம். பள்ளி வேன் ஓட்டுகிறவராம், மனைவியை இழந்தவராம், சின்னப் பெண் ஒன்று இருக்கிறதாம். நீதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். "மாமாவும் அத்தையும் தனியா இருக்காங்க. அவர் வெச்ச மரத்தை யார் பார்ப்பாங்க?" என்று அழுதாயாம்.

பார்த்துக்கொள்ள மரம் இல்லை அம்மா. எங்கள் இருவருக்கும் பள்ளத்து வயல் போதும். அதைப் பார்த்துக்கொள்ள எங்களுக்குத் தெம்பும் இருக்கிறது.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். பயறு உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்மா இல்லாத பொண்ணு. தலை யார் பின்னிவிடுறாங்களோ" என்றாள். மறுநாள் நீ விட்டுப்போன துணிகளையெல்லாம் துவைத்து, மடித்து, பையில் வைத்துவிட்டாள். இந்தக் கடிதத்தோடு அதையும் அனுப்புகிறேன்.

சரி என்று சொல்லிவிடு தாயே. கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடத் தயங்காதே, கட்டாயம் வருவோம். அத்தை அழுதால் நீ கண்டுகொள்ளாதே. நீ குறையில்லாமல் வாழ வேண்டும். எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம்.

பதில் போடும்போது மறக்காமல் அந்தக் குழந்தையின் பெயரை எழுது. அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் நலம் நாடும்
மாமா