சயாமில் தண்ணீர் கேட்டவர்கள்

1946 ஆகஸ்ட் 18, திருநின்றவூர்

ஸ்டேஷனில் விளக்குத் துடைத்தேன், கொடி காட்டினேன், மாஸ்டரிடம் திட்டு வாங்கினேன். மூன்றும் ஒழுங்காக நடந்தன.

மலேயாவிலிருந்து திரும்பிவந்த சேரிக் கன்னியம்மா இன்றும் தண்டவாளத்தைத் தாண்ட மாட்டேன் என்று நின்றாள். கேட்டேன். ஜப்பான்காரன் சயாம் காட்டில் ரயில் போட, அவளையும் புருஷன் துலுக்கானத்தையும் ரப்பர் தோட்டத்திலிருந்து பிடித்துப்போனானாம். "போனவங்க கும்பல் கும்பலா செத்தாங்க சாமி." ஊரில் யாரும் நம்பவில்லை. புருஷனை விட்டு ஓடிவந்தவள் என்கிறார்கள்.

இத்தனை வருஷமாக ரயில் சோறு தின்கிறேன். இன்று பாதியை நாய்க்கு வைத்தேன்.

ஆகஸ்ட் 20

மகன் ஜெயராமனிடம் சொன்னேன். வாலிபர் சங்கத்துக்காரன், சிரித்தான். "வெள்ளைக்காரன ஓட ஓட தொரத்தினவன் சப்பான்காரன். அவனப் போயி... வெள்ளைக்காரன் கட்டிவுட்ட கதை நைனா."

"அவளையே கேளுங்களேன்டா."

"இட்டுகினு வா, கேக்கறோம்."

ஆகஸ்ட் 25

பஜனைக் கோயிலில் கூட்டம். பாயெல்லாம் விரித்தாயிற்று. கன்னியம்மா தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். "நான் எப்படி சாமி உள்ள வர்றது?"

பேசவேண்டியவள் நுழைய முடியாத இடத்தில் கூட்டம் வைத்த மகா மேதை நான்! ஐந்தாம் பாரத்தில் என்னைத் தோற்கடித்த வாத்தியாரைத் தப்பு சொல்ல முடியாது.

என் பெண்டாட்டி நாகவல்லி, "இன்னாய்யா, மூளைய ஸ்டேஷன்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றாள். பாயைச் சுருட்டினேன்.

செப்டம்பர் 1

ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். சங்கத்துப் பிள்ளைகள் சுற்றி.

"வெள்ளைக்காரன் எங்கள உட்டுட்டு ஓடிட்டான். சப்பான்காரன் அள்ளிகினு போனான். ரெண்டு பேருக்கும் எங்க பேரு தெரியாது" என்றாள்.

ஜெயராமன் விடவில்லை. "உன் புருசன் செத்தத கண்ணால பாத்தியா?"

என் பிள்ளைதான் கேட்டான். தலை குனிந்தேன்.

"வாந்திபேதின்னு எல்லாரையும் ஒரு கொட்டாயில போட்டாங்க. உசுரோட இருக்கசொல்லவே கொட்டாயோட கொளுத்தினாங்க. உள்ளேர்ந்து தண்ணி தண்ணின்னு கேட்டாங்க. அதுல அவரு குரல் எதுன்னு நான் எப்படி சொல்ல? எல்லாரும்தான் கேட்டாங்க." பிறகு, "பொய்யின்னு தோணுதா? சொல்லிடுங்க. இனிமே வாயத் தொறக்கல."

ஒருவனும் வாய் திறக்கவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். ஒரு வார்த்தை — நானாவது சொல்லியிருக்கக் கூடாதா?

செப்டம்பர் 2

ஜெயராமன் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 14

கன்னியம்மா ஸ்டேஷன் பக்கம் வருவதேயில்லை. கண்டாலும் பேசுவதில்லை.

செப்டம்பர் 25, மகாளய அமாவாசை

ஏரியில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுத் திரும்புகிறேன், ஜெயராமன் முழங்கால் தண்ணீரில் எள்ளோடு நிற்கிறான்! அப்பன் உயிரோடிருக்கும் பிள்ளை எள் இறைக்கக் கூடாது. நாகவல்லி அலறினாள். பக்கத்து வீட்டுக் கோதண்டம் என்னை மேலும் கீழும் பார்த்தார். செத்துவிட்டேனோ என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம்.

"யாருக்குடா?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தள்ளி, சேரிப் பக்கத்துக் கரையில் நின்ற கன்னியம்மாவைப் பார்த்துக் கத்தினான். "அக்கா! அங்க செத்தவங்க பேரெல்லாம் சொல்லு."

அக்கா என்றான்.

தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி வந்தாள். "துலுக்கானம்" என்றாள். பிறகு முனியம்மா, எத்திராஜ்... ஒவ்வொன்றாக. "பேர் தெரியாதவங்க நெறைய தம்பி."

"அவங்களுக்கும்தான்."

சங்கத்துப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர்களுடைய அப்பன்மார் கரையில் நின்று கத்தினார்கள். ஜெயராமனிடம் எள் தீர்ந்துவிட்டது. என்னிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கொடுத்தேன்.