கையில் இருந்த வாசனை

இன்று காலை நம் மையத்தின் வாசல் கதவுக்குப் பாலிஷ் போட ஆள் வந்திருந்தார். ஸ்பிரிட்டில் கரைந்த அரக்கின், சாராயம் போன்ற வாசனை மாடி வரை ஏறிவிட்டது. குடியை விட வந்தவர்கள் உட்காரும் இடத்தில் இந்த வாசனையா என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள். நான் உங்களை நினைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது.

ஆலோசகர் வேலையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வருகிறவர் வாய் திறக்கும் முன் என் மூக்கு தீர்ப்பு எழுதிவிடும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் நீங்கள் வந்தபோது உங்கள் மேல் ஸ்பிரிட் வாசனை. நீங்கள் குடியை நிறுத்தி மூன்று மாதம். "மேடம் சரின்னு சொன்னா சேத்துக்கிறேன்" என்று உங்கள் மனைவி ஆதம்பாக்கத்தில் தாய்வீட்டில் காத்திருந்தார். "கையில கீது மேடம், வாயில இல்ல" என்றீர்கள். எத்தனை சாக்கு கேட்டவள் நான். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா" என்று அவருக்குப் போன் செய்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல் உங்கள் கோப்பைப் புரட்டினேன். தொழில்: மரப் பாலிஷ். நானே எழுதியது. உடனே மாட வீதிச் சந்தில் உங்கள் பட்டறையைத் தேடி வந்தேன்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அலமாரிக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். "இந்த வாசனதான் மேடம், சாயங்காலமானா என்னைக் கடைக்கு இழுத்துக்கினு போவும்" என்றபடி மறுபடி நனைத்தீர்கள். மதுக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்காதீர்கள் என்று பாடம் நடத்துகிறவள் நான். நீங்கள் பகலெல்லாம் அதில் கையை நனைத்துவிட்டு, குடிக்காமல் பட்டறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறீர்கள்.

மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஒரு தபாதான் மோந்து பாத்தீங்க. என் சம்சாரம் பத்து வருசமா மோந்து பாத்துக்கினு கீது. நான் கோச்சிக்கினா நாயமா?" என்று சிரித்தீர்கள்.

அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன். சாயங்காலமே வந்தார். உங்கள் உள்ளங்கையை முகர்ந்தார். பிறகு வாயருகே முகர்ந்தார். "மூஞ்சி கழுவிக்கினு வா, போலாம்" என்றார்.

அதன்பின் ஆறு வருடம், அதே வாசனைக்கு நடுவே, ஒரு சொட்டு தொடாமல் இருந்தீர்கள். அந்தத் திடம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

மதியம் புதிதாக ஒருவர் வந்தார். சட்டையெல்லாம் தின்னர் நெடி. என் மூக்கு வழக்கம்போல் முந்தியது. அதை அடக்கிக்கொண்டு, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டேன்.

"பெயின்டிங்கு மேடம்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் நீலம்.

கோப்பில் அதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.