உயர்த்திய விரல்

2024 மே 12, ஞாயிறு
மழை. ஆட்டம் இல்லை. எல்றோய் கடைக்கு வந்து தன் மிளகாய் சோஸை வாங்கிப் போனார். அவர் ஒருவருக்காகவே அந்தக் கயானாச் சரக்கை எடுத்துப் போடுகிறேன்; லாபம் ஒன்றுமில்லை. அங்கே முப்பது வருஷம் அம்பயராக நின்ற மனிதர். டெஸ்ட் ஆட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. இப்போது கனடாவில் எங்கள் ஸ்காபரோத் தமிழ் லீக்குக்கு நிற்கிறார். இந்த வருஷம் தலைவர் நான்.

ஜூன் 9
பந்து மட்டையில் உரசிய சத்தம் எல்லைக்கோட்டில் நின்ற எனக்கே கேட்டது. எல்றோய் அவுட் இல்லை என்றார். கப்டன் வினோதன் என்னிடம் ஓடி வந்தான்.
"அண்ணை, உந்தாள் விலை போயிட்டார்!"
"வாயைப் பொத்தடா. மனுசன் காசுக்கு மசியிற ஆளில்லை."
பிறகு ஏன்?

ஜூன் 13
கடைக்கு வந்த எல்றோய்க்குப் பின்னால் வெறும் எண்ணெய் டின் ஒன்றைக் கீழே போட்டேன். வேண்டுமென்றுதான். உள்ளேயிருந்து மனைவி பேர்ணடெற், "என்னப்பா உடைச்சியள்?" என்று கத்தினாள்.
அவர் திரும்பவில்லை.

ஜூன் 16
சொல்லிவிட்டேன். சரக்குப் பழுதென்றால் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகினவன் நான். "உங்களுக்குக் காது கேட்கவில்லை. இனி நிற்கவேண்டாம்."
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "சந்தேகம் இருந்தால் அவுட் கொடுக்கக் கூடாது, ரட்ணம். உனக்குச் சந்தேகம் இல்லையே?"
"இல்லை."
தலையாட்டிவிட்டுப் போனார்.

ஓகஸ்ட் 25
இறுதி ஆட்டம். புது அம்பயர். எல்றோய் வேலிக்கு வெளியே நின்றார். எல்லோரும் அவுட் கேட்டுக் கத்த, அவருடைய வலது கை பொக்கற்றிலிருந்து வெளியே வந்தது. பிறகு உள்ளே போய்விட்டது.

ஒக்ரோபர் 19
சோஸ் வாங்க அவருடைய மகள் வந்தாள். காதுக்கு மெஷின் போட்டாச்சாம். பிரிட்ஜ் ஓடுகிற சத்தத்துக்கே எரிச்சல்படுகிறாராம்.
சீ! இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? தராசு பிசகினால் திருத்துவன்தானே, தூக்கி எறியிறனானோ?

ஒக்ரோபர் 20
பிக்கரிங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். "பிழை விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் நீங்கள்தான் நிற்கவேண்டும்."
"நானும் எத்தனையோ பேருக்குப் பிழையாக அவுட் கொடுத்திருக்கிறேன்," என்றார். கோபமே இல்லை. "ஒருவனையும் திருப்பிக் கூப்பிட்டதில்லை."
தேத்தண்ணி தந்தார். குடித்தேன். எழும்பி வந்தேன்.

2025 மே 11
சீசனின் முதல் ஆட்டம். புது அம்பயர் விரலைத் தூக்க, வினோதன் மட்டையை எறிந்துவிட்டு வந்தான். "அண்ணை, எல்றோய் நிண்டிருந்தால் உதுக்கு அவுட் குடுத்திருப்பாரோ?"
உவனுக்கு இப்பதான் விளங்குது.
சோஸ் புதுப் பெட்டி வந்திருக்கிறது. மகள்தான் வந்து வாங்கிப் போகிறாள்.