உங்கள் கோபத்தைப் பேப்பரில் போட விடவில்லை, அக்கா

பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்த பிலோமினா அக்காவுக்கு,

மாரியாத்தா புண்ணியத்தில் நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உங்களுக்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், அப்படியே நம்ம அம்மனுக்கும் ஒரு விளக்குப் போட்டேன். அங்கே யார் பொறுப்பில் இருந்தாலும் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உங்கள் படம் வந்தது, அந்த நீலப் புடவைப் படம். கீழே என்ன போட்டிருந்தது தெரியுமா? ‘அன்பின் சிகரமே, பொறுமையின் பூமியே.’ பொறுமையாம். நீங்களா அக்கா?

அதை எழுதிக் கொடுத்தது நான்தான். பிறகு யார்? இந்தப் பினாங்கு ஜார்ஜ்டவுனில் யார் வீட்டில் நினைவஞ்சலி என்றாலும், “பாக்கியம் அக்கா, நாலு வரி எழுதிக் குடுங்க” என்று என்னிடம்தானே வருவார்கள். கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாருடைய பெயரும் வரும். எழுதியவள் பெயர் வராது. அதுதான் வழக்கம், நானும் கேட்டதில்லை.

பாயான் லெப்பாஸ் பேக்டரிக்குப் போகும் பஸ்ஸில் அந்த அஞ்சலிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு நீங்கள் என்னைக் கிண்டல் செய்வீர்களே.

“இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியும்டி. மாமியாரக் கண்டாலே ஆகாது. குலவிளக்குன்னு எழுதி வெச்சிருக்க?”

“கேட்டாங்கக்கா, எழுதுனேன்.”

“கேட்டதக் குடுக்கிறதுக்கு நீ என்ன சாப்பாட்டுக் கடையா நடத்துற?”

பஸ்ஸே சிரிக்கும். எனக்கு முகம் சுண்டிப் போகும். நிபோங் திபால் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதச் சொல்லி நாலு பேர் வீடு தேடி வருவதே அப்போது எனக்குப் பெரிசு.

ஆனால் உங்களுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. முதலில் வேறு மாதிரிதான் எழுதினேன். ‘கோபம் வந்தால் எங்கள் பிலோமினா பேசமாட்டார். ஆனால் எலுமிச்சை பிழிந்த நெத்திலி சம்பல் மட்டும் வீடு வந்து சேரும். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கோபம் தீர்ந்திருக்கும்.’ எழுதி முடித்ததும் உங்கள் குரலே கேட்டது. என் கையால் அப்படி ஒன்று வந்ததே இல்லை அக்கா.

உங்கள் மகள் ரெஜினாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“என்ன ஆன்ட்டி, அம்மாவக் கோவக்காரின்னு எழுதியிருக்கீங்க?”

“கோவக்காரிதானேம்மா.”

“அது நமக்குத் தெரியும்லா. சொந்தக்காரங்கல்லாம் பாப்பாங்க. நீங்க என்ன ரைட்டரா? எல்லாருக்கும் எழுதுற மாதிரி எழுதிக் குடுங்க, போதும்.”

அவள் மேல் தப்பில்லை. அம்மாவை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்ற தவிப்பு. பெற்றவளைப் பறிகொடுத்த பிள்ளையிடம் நான் எப்படி மல்லுக்கு நிற்பது? சிகரத்தையும் பூமியையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அவள் கேட்ட கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. சாமி கும்பிட உட்கார்ந்தால்கூட அதுதான் வந்து நிற்கிறது. நான் என்ன ரைட்டரா? இத்தனை வருஷமாக ஊரார் துக்கத்தை எழுதியவளுக்கு என்ன பெயர்? அச்சில் வந்தது முழுக்க அடுத்தவர் பெயரில்தானே. அப்புறம் எனக்கே கோபம் வந்தது, உங்கள் கோபம் மாதிரி. சிகரம் என்று எழுத யாராலும் முடியும். பிலோமினாவை எழுத என்னால்தானே முடியும்?

அதனால்தான் இந்தக் கடிதம். பேப்பருக்கு அனுப்பப் போகிறேன், என் பெயரைப் போட்டு. ஆனாலும் உங்கள் பிள்ளைக்குத் தெரியாமல் அனுப்ப மனசு ஒப்பவில்லை. நேற்று பத்து காவான் ஊரில் இருக்கும் அவளுடைய புது வீட்டுக்குப் போய், இதுவரை எழுதியதை அவளை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். ரைட்டரா என்று அவள் கேட்டதையும் விடாமல் வாசித்தேன். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“எலுமிச்சை இல்ல ஆன்ட்டி. அம்மா புளிதான் கரைச்சு ஊத்துவாங்க. எழுதுறதுன்னா சரியா எழுதுங்கலா.”

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழகாக எழுது, உருக்கமாக எழுது என்பார்கள். சரியாக எழுது என்று உங்கள் மகள்தான் சொல்லியிருக்கிறாள். புளிதான் அக்கா, எல்லாரும் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி அஞ்சலி எழுதச் சொல்லி வருகிறவர்களிடம், ‘அவங்களோட எதுக்குச் சண்டை போடுவீங்க?’ என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன். பிடிக்காதவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். சிகரம் இனி என் கையிலிருந்து வராது. அம்மன் மேல் ஆணை, மாதா மேலும் ஆணை.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
பாக்கியம்
எழுத்தாளர், பினாங்கு